மலைப்பாதையில் ஜீபிஎஸ் கருவி முரண்டுபிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தேயிலைத் தோட்டத்து லயங்கள், கொழுந்து நிறுக்கும் மடுவங்கள், தண்ணீர்ப் பீலிகள், முனியாண்டி கோயில்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பாதைகள் ஆகியவற்றை யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் இணைய வரைபடத்தில் ஏற்றுவதற்காக இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கங்களில் நடக்கும் தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் கோளாறுகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கார்மின் இ-ட்ரெக்ஸ், ஜீபிஎஸ்மெப் போன்ற, இரண்டு சிறிய பற்றரிகளில் இயங்கும் கைக்கருவிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு கருவிகளில் அமைப்புகளின் பெயர் மாறலாம். பார்க்க வேண்டிய ஒழுங்கு மாறாது. உங்கள் கோளாற்றுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலிலும் செலவுமிக்க காரணம் கடைசியிலும் வருகின்றன.

எதையும் மாற்றுவதற்கு முன்னர் கருவியின் அமைப்புப் பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த தடத்தைக் கருவி பதிந்துவைக்கும் அன்றைய ஜீபிஎக்ஸ் கோப்பின் ஒரு பிரதியையும் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள். பழுது பார்க்கப் போய்ப் பாதி நாள் நடந்த தடத்தை அழித்துவிட்டவர்களில் நானும் ஒருவன்.

கருவி உயிர்பெறவில்லை, அல்லது பாதி மலையில் அணைந்துவிடுகிறது

பற்றரிகளைக் கழற்றி, கூட, குறைய (+, −) என்ற குறிகளைப் பார்த்து மீண்டும் போடுங்கள். ஒரு புதியதையும் ஒரு பழையதையும் கலந்து போட்டிருந்தால் பழையது இறங்கியதும் கருவியும் அணையும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

மீள்மின்னேற்றப் பற்றரி போட்டும் சீக்கிரம் அணைகிறது என்றால், கருவியின் அமைப்பில் பற்றரி வகை எது என்று பாருங்கள். சாதாரண அல்கலைன் பற்றரி 1.5 வோல்ட் தரும். மீள்மின்னேற்ற நிக்கல் வகை 1.2 வோல்ட்தான் தரும். வகையை மாற்றாமல் விட்டால், நிறைந்திருக்கும் பற்றரியையும் கருவி தீர்ந்துபோனதாகவே எண்ணும். விடியற்காலையில் ஹோட்டன் சமவெளிப் பக்கமோ சிவனொளிபாதமலையின் உச்சியிலோ மட்டும் இந்தக் கோளாறு வந்து, வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் அது குளிரின் வேலை. உதிரிப் பற்றரிகளைப் பையில் வைக்காமல் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருங்கள்.

பற்றரி அறையில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு தெரிந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. பஞ்சில் சிறிது வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே புதிய பற்றரியைப் போடுங்கள். திரையின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால், மூடியைத் திறந்துவைத்து நிழலில் உலரவிடுங்கள். அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தாதீர்கள். இறப்பர் விளிம்பு உருகி, அடுத்த மழையில் நீர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். உலர்ந்த பிறகும் திரையில் கோடுகள் நின்றால், அல்லது படிவு உலோகத் தகட்டைத் தின்று விட்டிருந்தால், இலத்திரனியல் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும் கட்டம் வந்துவிட்டது. கொடுக்குமுன் அவர் கேட்கும் விலையைப் பழைய கருவி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்மதிகளைத் தேடிக்கொண்டே இருக்கிறது

பல வாரங்கள் அலுமாரியில் கிடந்த கருவி என்றால் அதில் கோளாறு எதுவும் இல்லாதிருக்கலாம். செய்மதிகளின் பொதுவான அட்டவணையை முழுதாக வாங்கிக்கொள்ளவே அதற்கு 12.5 நிமிடங்கள் வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றம், விளையாட்டு மைதானம் போன்ற வானம் திறந்த ஓரிடத்தில் வைத்துவிட்டு, கையில் எடுக்காமல் 15 நிமிடங்கள் காத்திருங்கள். நடந்துகொண்டே தேடவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. பஸ்ஸுக்குள் இருந்து தேடவிடுவது அதைவிட மோசம்.

திறந்த வெளியிலும் கிடைக்கவில்லையென்றால், கருவியில் செயல்விளக்க நிலை தவறுதலாக இயக்கப்பட்டு, செய்மதித் தேடல் நிறுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிள்ளைகள் கையில் போய்வந்த கருவிகளில் இது சாதாரணம். ஜீபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ் செய்மதிகளையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இருபுறமும் மலைச்சுவர் எழும்பிய ஓடைப் பள்ளங்களில், தெரிகின்ற சிறிய வானத்துக்குள் எத்தனை செய்மதிகள் அகப்படுகின்றன என்பதே பெரிய வித்தியாசத்தைத் தரும். பற்றரி சற்று வேகமாக இறங்கும் என்பதே அதற்கான விலை.

*இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, திகதி மட்டும் 20 ஆண்டுகள் அளவில் பின்தங்கியிருக்கிறது என்றால்:* ஜீபிஎஸ் முறை வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதைக் கணக்கில் எடுக்காத பழைய கருவிகள், அன்றிலிருந்து உண்மைத் திகதிக்கு 7,168 நாள்கள் முந்திய திகதியைக் காட்டுகின்றன. உற்பத்தியாளரின் புதிய உள்மென்பொருள் கிடைத்தால் ஏற்றுங்கள். கிடைக்காவிட்டால் கருவியை வீசிவிடத் தேவையில்லை. ஆள்கூறுகள் சரியாகவே இருக்கும். ஜீபிஎஸ்பேபல் மென்பொருளில் தடத்தின் நேரத்தை அத்தனை நாள்கள் முன்னே நகர்த்திக்கொள்ளலாம்.

இவை அனைத்தையும் செய்த பின்னும், பக்கத்திலுள்ள இன்னொரு கருவி பத்துச் செய்மதிகளைப் பிடிக்கும் இடத்தில் இது ஒன்றையும் பிடிக்கவில்லையென்றால், உள்ளேயுள்ள அலைவாங்கி பழுதாகியிருக்கலாம். பெரும்பாலும் கல்லில் விழுந்த கருவிகளுக்கே இது நேர்கிறது. ஊர்க்கடையில் திறந்தால் நீர்காப்பும் போய்விடும் என்பதால், உற்பத்தியாளரின் முகவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

தடம் கிறுக்கல் கிறுக்கலாக விழுகிறது

எங்கே கிறுக்குகிறது என்பதைப் பொறுத்தே காரணம் மாறும் என்பதால், கணினியில் தடத்தைத் திறந்து, கிறுக்கல் விழுந்த இடத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறிப்புப் புத்தகத்தில் பாருங்கள்.

*நின்ற இடத்தில் மட்டும் நூல்கண்டு போலச் சுருண்டிருந்தால்:* தேநீர் குடிக்க நின்ற இடத்தில் எல்லாக் கருவிகளும் இப்படித்தான் செய்யும். அந்தப் பகுதியை வரையும்போது விட்டுவிடுங்கள். நின்று எடுக்க வேண்டிய அடையாளம், உதாரணமாக ஒரு கோயிலோ பீலியோ, என்றால் தடத்தை நம்பாமல் குறிப்புள்ளி (அந்த ஓரிடத்தை மட்டும் பதியும் தனிப்புள்ளி) எடுங்கள். சில கருவிகளில் ஒரே குறிப்புள்ளியைப் பல தடவை அளந்து சராசரி காணும் வசதி உண்டு. நான்கு முதல் எட்டுத் தடவைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 90 நிமிட இடைவெளி விட்டு எடுக்க வேண்டும் என்று கார்மின் கையேடு சொல்கிறது. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று எடுத்தாலே நல்ல மாற்றம் தெரியும். ஒரே மூச்சில் எட்டுத் தடவை அமுக்குவதால் பயன் எதுவும் இல்லை. எட்டும் ஒரே தவறைத்தான் திரும்பச் சொல்லும்.

*நடக்கும்போதும் கிறுக்கினால்:* கருவி எங்கே இருந்தது என்று பாருங்கள். காற்சட்டைப் பையில் இருந்தால் பாதி வானத்தை உங்கள் உடம்பே மறைத்துவிடும். தட்டையான இ-ட்ரெக்ஸ் வகையின் முகம் வானத்தைப் பார்க்கவும், மேலே தடித்த கொம்பு நீட்டிய வகை நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். முதுகுப்பையின் தோள்வாரில், தோளுக்கு மேலே கட்டுவதே நாங்கள் கண்ட நல்ல இடம். மழை அங்கிக்குள் இருந்தாலும் பாதகமில்லை. குடையின் கீழும் வேலை செய்யும்.

*மரங்களின் கீழ் மட்டும் கிறுக்கினால்:* தேயிலைச் செடிக்கிடையே நிற்கும் சவுக்கு மரங்கள் பெரிய தடையல்ல. யூக்கலிப்டஸ் அடர்ந்த விறகுக் காடும், மலையுச்சிக் காடும், அவற்றின் இலைகள் நனைந்திருக்கும் நேரமுமே தொல்லை தருகின்றன. ஹட்டன், மஸ்கெலியாச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் எடுத்த தடங்களைத் தை, மாசி மாதங்களில் ஒருமுறை திரும்ப நடந்து எடுப்பது நல்லது. பதுளை, பசறைப் பக்கத்தில் நிலைமை தலைகீழ்: மார்கழி, தை அங்கு மழைக்காலம்.

*செங்குத்தான கற்பாறை ஓரத்தில் மட்டும் தடம் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தால்:* அலைகள் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் கருவி ஏமாறுகிறது. அமைப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேறொரு நாளில், வேறொரு நேரத்தில், செய்மதிகள் வேறிடத்தில் நிற்கும்போது மீண்டும் நடக்க வேண்டும். மூன்று தடங்கள் கிடைத்தால் நடுவே வரையலாம்.

*மாலைக்குப் பிறகு மட்டும் எல்லாக் கருவிகளும் ஒருசேரத் தடுமாறினால்:* இலங்கை காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் இருப்பதால், சூரியன் மறைந்தபின் மேல்வளிமண்டலக் குழப்பம் செய்மதி அலைகளைத் தொந்தரவு செய்யும் நாள்கள் உண்டு. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் அது கூடுதலாக இருக்கும். கருவியைக் குற்றம் சொல்லாமல் மறுநாள் காலையில் எடுங்கள்.

*குறுக்கால் ஏறிய தடம் கார் ரோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு போயிருந்தால்:* நடப்பவரைப் பக்கத்து வீதியோடு ஒட்டவைக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறது. வாகனத்துக்காக வைத்த வசதி அது, அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவான தடத்தைத் திருத்த வழியில்லை, திரும்ப நடக்க வேண்டியதுதான்.

இந்தத் தலைப்பில் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். தேயிலை மலையில் மேல் பாதையும் பணியப் பாதையும், நடுவே வெட்டிய கானும், படிக்கட்டும் ஒன்றுக்கொன்று எட்டுப் பத்து மீற்றர் இடைவெளியில் ஓடும். நல்ல வானத்தின் கீழும் கைக்கருவியின் பிழை 3 முதல் 5 மீற்றர் வரை இருப்பதால், இரு நாள்களில் எடுத்த இரு பாதைகள் வரைபடத்தில் இடம் மாறி, மேலது கீழாகவும் கீழது மேலாகவும் விழுந்துவிடும். திரையில் காட்டும் துல்லிய எண்ணும் கருவியின் மதிப்பீடுதான், உத்தரவாதமன்று. இத்தகைய பாதைகளை ஒரே நாளில், ஒரே கருவியால், ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கி எடுங்கள். பிரியும் முடக்குகளில் எல்லாம் குறிப்புள்ளி வைத்து, எது மேலே, எது கீழே என்று புத்தகத்தில் கோட்டுப்படம் கீறிக்கொள்ளுங்கள். கருவிகள் முரண்படும் இடத்தில் நாங்கள் இறுதியாக நம்புவது அந்தக் கோட்டுப்படத்தைத்தான்.

தடத்தின் வடிவம் சரி, ஆனால் மொத்தமாக இடம் தள்ளி விழுகிறது

எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணே பாதி விடை.

*பல கிலோமீற்றர் என்றால்:* கையால் தட்டச்சு செய்த ஆள்கூற்றில் வடிவத் தவறு நேர்ந்திருக்கிறது. கருவி 6 பாகை 57.500 கலை (பாகையின் 60இல் ஒரு பங்கு கலை) என்று காட்டியதை 6.575 பாகை என்று எழுதினால் புள்ளி 40 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்விடும். சரியான எண் 6.95833. குழுவில் எல்லோரும் தசமப் பாகை வடிவத்தையே பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொண்டால் இந்தக் கோளாறு அடியோடு ஒழியும்.

*200 மீற்றருக்குச் சற்று மேல், பெரும்பாலும் கிழக்கு மேற்காக என்றால்:* ஆள்கூறுகளைக் கணக்கிடும் அளவை அடிப்படை மாறியிருக்கிறது. கருவி 'டேட்டம்' என்று கேட்கும் இடத்தில் டபிள்யூஜீஎஸ் 84 என்று இருக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் தாள்களோடு ஒப்பிடுவதற்காக யாரோ அதை இலங்கையின் பழைய அளவை அடிப்படையான கண்டவளை என்று மாற்றி, திருப்பி வைக்க மறந்திருப்பார். இதன் மறுபக்கமும் உண்டு. தோட்டக் காரியாலயத்திலிருந்தோ பழைய அளவைத் தாளிலிருந்தோ கிடைத்த எண்களை அப்படியே கருவியில் இடும்போதும் இதே விலகல் வரும். அந்தத் தாள்களின் கட்ட அளவைக்குப் பிதுருதலாகலை மலையே தொடக்கம். பழைய கட்டத்தில் அம்மலைக்கு 2,00,000, 2,00,000 என்றும், 1999இன் புதிய கட்டத்தில் 5,00,000, 5,00,000 என்றும் மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நுவரெலியா மாவட்டத்து எண்கள் இரண்டு இலட்சத்தை அண்டியிருந்தால் பழையது, ஐந்து இலட்சத்தை அண்டியிருந்தால் புதியது. கியூஜிஐஎஸ் மென்பொருளில் பழையதற்கு இபிஎஸ்ஜி என்ற குறியீட்டு இலக்கம் 5234 என்றும் புதியதற்கு 5235 என்றும் தெரிவுசெய்து மாற்றுங்கள். மனக்கணக்கில் கூட்டிக் கழித்து மாற்றாதீர்கள்.

*10, 20 மீற்றர் என்றால்:* தவறு உங்களுடையதாக இல்லாமல், வரையும்போது பின்னணியில் வைக்கும் செய்மதிப் படத்தினுடையதாக இருக்கலாம். சமதரையில் நன்றாகப் பொருந்தும் படம், செங்குத்தான சரிவில் இழுபட்டு நிற்கும். ஒரே படத்தில் ஆற்றோரம் ஒரு பக்கமும் மலைமுகடு இன்னொரு பக்கமும் நகர்ந்திருப்பதையும் கண்டிருக்கிறோம். புதிதாக வருபவர்கள் தடத்தை இழுத்துப் படத்தின் மேல் வைப்பதுதான் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் வெவ்வேறு நாள்களில் எடுத்த தடங்கள் பலவற்றை ஒன்றாகத் திறந்து, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால், ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் வரையப் பயன்படும் ஜோஸம் திருத்தியில் படத்தை நகர்த்தித் தடங்களோடு ஒட்டவையுங்கள். நகர்த்திய அளவு அந்தச் சரிவுக்கு மட்டுமே செல்லும். அடுத்த தோட்டத்துக்குப் போகும்போது மீண்டும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடம்தான் இருக்கிறது என்றால் எதையும் நகர்த்தாமல், மற்றொருவர் நடந்து வரும்வரை பொறுத்திருப்பதே என் பழக்கம்.

உயரம் பொருந்தவில்லை

*தொலைபேசி ஏறத்தாழ 100 மீற்றர் குறைத்துக் காட்டுகிறது:* இது இலங்கையில் எல்லோருக்கும் வருவது. செய்மதிக் கணக்கின் உயரமும் கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரமும் ஒன்றல்ல. உலகிலேயே அந்த வேறுபாடு மிகப் பெரிதாக இருக்கும் பகுதியொன்றில் நமது தீவு அமைந்திருக்கிறது. கைக்கருவிகள் பொதுவாக அதைத் தாமே திருத்திக் காட்டும். தொலைபேசிச் செயலிகள் சில திருத்துவதில்லை. செயலியில் கடல்மட்ட உயரத்தைத் தெரிவுசெய்யும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் அந்தச் செயலியின் உயரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

*காலையில் ஓர் உயரம், மாலையில் இன்னோர் உயரம்:* காற்றழுத்தமானி உள்ள கருவி இது. நம் உயரங்களில் ஒரு மில்லிபார் அழுத்தம் குறைந்தால் கருவி சுமார் 10 மீற்றர் உயர்ந்துவிட்டதாக எண்ணும். வெப்பவலயத்தில் காலை 10 மணியளவில் அழுத்தம் ஏறி, மாலை 4 மணியளவில் இறங்குவது அன்றாட நிகழ்வு என்பதால், லயத்து வாசலில் அசையாமல் கிடக்கும் கருவியும் பின்னேரத்தில் 20, 30 மீற்றர் ஏறியிருக்கும். புறப்படும்போது உயரம் தெரிந்த ஓரிடத்தில் அளவுதிருத்தம் செய்யுங்கள். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் உயரம் இதற்கு நல்லது. பலகை அடியில் எழுதியதா மீற்றரில் எழுதியதா என்பதைக் கவனியுங்கள். சிவனொளிபாதமலை உச்சியில் 2,243 மீற்றரை வைத்துச் சரிபார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கு போய்ச் சேரும்போது நாளின் பாதி வேலை முடிந்திருக்கும்.

தடத்தில் பாதியைக் காணவில்லை, அல்லது நேர்கோடாக வெட்டிப் போகிறது

இ-ட்ரெக்ஸ் 10, 20, 30 ஆகியவற்றின் நடப்புத் தடத்துக்குள் 10,000 புள்ளிகளே அடங்கும். செக்கனுக்கொன்று என்று பதிந்தால் மூன்று மணித்தியாலத்துக்குள் அது நிரம்பி, முந்தியவை போய்விடும். ஐந்து செக்கனுக்கொன்று என்று வைத்தால் ஏறத்தாழ 14 மணித்தியாலம் தாங்கும். நடைக்கு அதுவே போதும். நிரம்பியதும் தானாகவே காப்பகத்தில் சேர்க்கும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள். காணாமற்போனதாக நினைத்த தடம் கருவியின் காப்பக உறையில் பத்திரமாக இருப்பதும் அடிக்கடி நடப்பதால், அழுது தீர்க்கும் முன் அங்கே பாருங்கள்.

நேர்கோடு விழுவது பெரும்பாலும் பற்றரி மாற்றிய இடத்திலோ, ஒற்றையடிப்பாதை காட்டுக்குள் புகுந்து செய்மதி விட்டுப்போன இடத்திலோ நிகழும். அந்த நேர்கோட்டைப் பாதையென்று வரையக்கூடாது. முடக்குகளை விட்டுவிட்டு வளைவுகளை நேராக்கிக் காட்டுகிறது என்றால், பதிவு முறை தானியங்கியாக இருக்கிறது. நேர அளவுக்கு மாற்றுங்கள்.

கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை

வயரை மாற்றுங்கள். மின்னேற்ற மட்டுமே உதவும், தரவு கடத்தாத வயர்கள் ஊரெங்கும் கிடைக்கின்றன. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. நாங்கள் ஒருமுறை நகரத்துக் கடையொன்றில் கருவியைத் திறக்கக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, காசும் கொடுத்து வாங்கிவந்த பிறகே வயர்தான் குற்றவாளி என்று கண்டோம். அதிலிருந்து நல்ல வயருக்குச் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறோம்.

வயர் நல்லதென்றால் கருவியின் துளையில் சேறோ தேயிலைத் தூளோ இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த பல்துலக்கியால் மெதுவாகத் துடையுங்கள். அதன் பிறகு வேறு துளை, வேறு கணினி என்று முயலுங்கள். இணைத்தவுடன் கருவி நினைவகமாகத் தெரியாமல் சாதாரணமாக இயங்கிக்கொண்டே இருந்தால், யூஎஸ்பி நிலையை மாற்றும் அமைப்பைப் பாருங்கள். தொடங்கும்போதே உறைந்து நிற்கும் கருவியில், நினைவட்டையைக் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள்; பழுதான வரைபடக் கோப்போ ஜீபிஎக்ஸ் கோப்போ அதைக் கட்டிப்போட்டிருக்கலாம். துளை ஆடுகிறது என்றால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

பெயர்கள் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ தெரிகின்றன

கருவியின் திரையில் மட்டும் கட்டங்கள் தெரிந்தால், அக்கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கருவியில் எண்களை மட்டும் இட்டு, 047 என்றால் மேல் கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) ரோதமுனி கோயில் என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பெயரைக் கணினியில் ஏற்றுங்கள்.

கணினியில் ஏற்றிய பிறகு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், பெயர்ப்பட்டியலைக் கொடுத்தவர் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். யூனிகோடுக்கு மாற்றும் கருவியொன்றில் இட்டு எடுத்து, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கும்.

இனி, எழுத்துரு சரியாக இருந்தும் பெயர் தவறென்று ஊரார் சொல்லும் நிலை. தோட்டத்துக்குப் பெயர்ப்பலகையில் ஓர் ஆங்கிலப் பெயரும், வழக்கில் வேறொரு தமிழ்ப் பெயரும், சிங்களத்தில் மற்றொன்றும் இருப்பது இங்கே வழமை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் புலம் உண்டு, வழக்குப் பெயருக்கு மாற்றுப்பெயர்ப் புலமும் உண்டு. ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்துத் தமிழ்ப் புலத்தில் போட்டு நிரப்புவதை நான் ஏற்பதில்லை. அந்தப் புலம் சில நாள் வெறுமையாக இருக்கட்டும். லயத்தில் மூத்தவர்கள் இருவரிடம், அதுவும் தனித்தனியே, கேட்டு எழுதுங்கள். பிரசுரமான வேறு வரைபடங்களிலிருந்து பெயரைப் பார்த்து எழுதுவது உரிமைப் பிரச்சினையைக் கொண்டுவரும்.

எடுத்த படங்கள் வேறு இடத்தில் போய் விழுகின்றன

ஐந்தரை மணித்தியால விலகல் என்றால், ஜீபிஎக்ஸ் கோப்பின் நேரம் உலகப் பொது நேரத்திலும் கமராவின் நேரம் நம் நேரத்திலும் இருக்கிறது. ஜோஸத்தில் படங்களைத் தடத்தோடு பொருத்தும்போது நேரவலயத்தைக் கூட்டல் 5:30 என்று கொடுங்கள். சரியாக அரை மணித்தியாலம் பிசகினால், கமராவின் பட்டியலில் இலங்கை இன்னும் ஆறு மணித்தியால வலயத்தில் இருக்கிறது. 2006 ஏப்ரலில் நாம் ஐந்தரைக்குத் திரும்பிவிட்டதைப் பழைய கமராக்கள் அறியா. எங்கள் முனியாண்டி கோயில் ஒன்று அரை மணித்தியாலம் நகர்ந்து பஸ் தரிப்பிடத்தில் போய் இறங்கியது இப்படித்தான். சில நிமிடங்களே பிசகினால் கமராவின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடுகிறது. நடையின் தொடக்கத்தில் கருவித் திரையின் நேரத்தை ஒருமுறை படம் எடுத்துவைத்தால் வித்தியாசத்தைச் செக்கன் கணக்கில் அறியலாம்.

வரைபடத்தில் பாதை இருக்கிறது, வழிகாட்டும் செயலி அதை எடுப்பதில்லை

பாதையின் நுனி வீதியைத் தொடுவது போலத் தெரிந்தும் ஒட்டாமல் இருக்கும். திருத்தியில் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டுக்கும் பொதுவான புள்ளியில் இணையுங்கள். ஜோஸத்தின் சரிபார்ப்பான் இதைத் தானே சுட்டிக்காட்டும். இணைந்திருந்தும் எடுக்கவில்லையென்றால் பாதையின் வகையைப் பாருங்கள். லொறி போகும் தோட்ட வீதியை ஒற்றையடிப்பாதையாகவோ, படிக்கட்டைச் சாதாரண நடைபாதையாகவோ குறித்திருக்கலாம். திருத்தம் செயலிக்குப் போய்ச்சேரச் சில நாள்கள் பிடிக்கும்.

வரைபடத்துப் பாதை நிலத்தில் இல்லை

மறுநடுகையில் பாதை மாறியிருக்கலாம். கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) விட்ட நிலத்துக்கு வேலி போட்டிருக்கலாம். கொழுந்தெடுப்பவர்கள் இப்போது எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு, அவ்வழியே நடந்து, பழையதை அகற்றுங்கள். தோட்டத்துக்குள் நடக்குமுன் காரியாலயத்தில் சொல்லிவிட்டுப் போவது, கேள்வி எழும்போது உதவும். பிதுருதலாகலை உச்சியைப் போன்ற, பாதுகாப்புக் கட்டுப்பாடுள்ள இடங்களில் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

பாதை இருந்த இடத்தில் மண் சரிந்திருந்தால், அல்லது நிலத்தில் புதிய வெடிப்பும், மரங்கள் சாய்ந்து நிற்பதும், பீலியில் சேற்று நீர் வருவதும் கண்டால், அளக்க முனையாமல் வந்த வழியே திரும்புங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியதை இங்கு யாரும் மறக்கவில்லை. ஒரு குறிப்புள்ளியும் தூரத்திலிருந்து ஒரு படமும் போதும். அவற்றோடு கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ சொல்லுங்கள். வெடிப்பின் பொருளைச் சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர்.

ஒரே காணியை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பரப்பு வருகிறது

கருவியைக் கையில் கண்டவுடன் லயத்தில் யாராவது வந்து, "தம்பி, நம்ம ஏழு பேர்ச்சையும் ஒருக்கா அளந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர், அதாவது பக்கத்துக்கு 13 மீற்றர் அளவான சதுரம். ஒவ்வொரு மூலையும் 3 மீற்றர் வெளியே போனாலோ உள்ளே வந்தாலோ, பரப்பு பாதிக்கு மேல் கூடியோ குறைந்தோ காட்டும். சராசரி எடுத்தாலும் புதிய கருவி வாங்கினாலும் இந்தக் கோளாறு தீராது. கைக்கருவியின் எல்லை அது. பக்கத்து வீட்டோடு சண்டை மூட்டிவிடவும் அந்த எண் போதும்.

இங்கே உரிமம் பெற்ற நில அளவையாளரைத் தவிர வேறு வழியில்லை. கேட்டவரிடம் எண் எதுவும் சொல்லாமல் இதையே சொல்லுங்கள். தவறுதலாக அளந்துவிட்டிருந்தால் அந்தத் தடத்தைக் கருவியிலிருந்து அழித்துவிடுங்கள். வரைபடத்தில் வீட்டைக் கட்டடமாக வரையலாம். வேலியை எல்லையாக வரைய வேண்டாம்.